பழைய பிக்கப்புக்கு மீட்டர் போர்டு மாற்றப் போகிறீர்களா?

தேங்காயோ தக்காளிப் பெட்டியோ ஏற்றிக்கொண்டு நம் பக்கம் ஓடும் பழைய பிக்கப்புகளில் மீட்டர் செத்துக் கிடப்பது சாதாரணமாகிவிட்டது. ஸ்பீடு முள் எழாது, டீசல் முள் ஒரே இடத்தில் நிற்கும், டிரைவர் டேங்குக்குள் குச்சி விட்டு டீசல் பார்ப்பார். வண்டிதான் ஓடுகிறதே என்று விட்டுவிடுகிறோம். எங்கள் மாமாவும் அப்படித்தான் விட்டார். பண்ணாரியிலிருந்து திம்பம் வரைக்கும் 27 கொண்டை ஊசி வளைவு, லோடோடு ஏறினால் முதல் கியரும் இரண்டாம் கியரும்தான், வண்டி ஊர்ந்து போவதால் ரேடியேட்டருக்குக் காற்று பத்தாது. டெம்பரேச்சர் முள் வேலை செய்திருந்தால் பாதி ஏற்றத்திலேயே ஓரங்கட்டி ஆறவிட்டிருப்பார். அது எப்போதும் கீழேயே கிடந்ததால், பானட்டுக்குள்ளிருந்து ஆவி கிளம்பிய பிறகுதான் தெரிந்தது. ஹெட் கேஸ்கெட் (என்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போய், ஹெட்டைக் கழற்றி, இரண்டு வாரம் வண்டி பட்டறையில் நின்றது. அதனால் ஸ்பீடு முள்ளைவிட அந்தச் சின்ன டெம்பரேச்சர் முள்தான் எனக்கு முக்கியம்.

சரி, மீட்டர் வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நான் மீட்டர் மாற்றக் கேட்டுப் போனபோது கோபியில் வயரிங் வேலை பார்க்கும் ஒரு அண்ணன் கேட்ட முதல் கேள்வி, “ஏனுங், மொதல்ல எர்த்தப் பாத்தீங்களா?” என்பதுதான். இண்டிகேட்டர் போடும்போது டீசல் முள்ளும் கூடவே துடிக்கிறதா? லைட் போட்டால் முள் இடம் மாறுகிறதா? அப்படியென்றால் மீட்டரைச் சந்தேகப்படாதீர்கள், டேஷ்போர்டுக்குப் பின்னால் பாடியில் முடுக்கியிருக்கும் எர்த் வயரை, அதாவது கரண்ட் பாடி வழியாகத் திரும்பிப் போகும் வயரைத் தேடுங்கள். ஸ்க்ரூவைக் கழற்றி, துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தகரம் பளிச்சென்று தெரிந்ததும் முடுக்கி, மேலே கொஞ்சம் வேசலின் தடவிவிட்டால் போதும்.

டெம்பரேச்சர் முள் மட்டும் செத்திருந்தால் என்ஜினில் இருக்கும் சென்சரின் வயரைக் கழற்றி, சாவியை ஆன் செய்துவிட்டு, வயர் முனையை ஓரிரு நொடி மட்டும் என்ஜின் பாடியில் தொட்டுப் பாருங்கள். ஒற்றை வயர் சென்சர் உள்ள பழைய வண்டிகளுக்குத்தான் இந்தச் சோதனை. முள் சூட்டுப் பக்கம் ஏறினால் மீட்டரும் வயரும் நன்றாக இருக்கின்றன, சென்சரை மட்டும் மாற்றினால் போதும். அதற்கு மேல் தொட்டுக்கொண்டே இருக்காதீர்கள், முள்ளை நகர்த்தும் கம்பிச்சுருள் எரிந்துபோகலாம். டீசல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ஒரே நேரத்தில் தப்பாகக் காட்டினால் இரண்டுக்கும் பொதுவான எர்த், பியூஸ், அப்புறம் சில பழைய மீட்டர்களுக்குப் பின்னால் இருக்கும் சின்ன வோல்டேஜ் ரெகுலேட்டர் ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஸ்பீடு முள் ஆடினாலோ எழாமல் இருந்தாலோ, கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் சுற்றி முள்ளை நகர்த்தும் வண்டியாக இருந்தால், அந்தக் கேபிளை மீட்டர் பக்கம் கழற்றிவிட்டு நியூட்ரலில் வண்டியைத் தள்ளச் சொல்லுங்கள். உள் கம்பி சுற்றவில்லை என்றால் கேபிள் அறுந்திருக்கிறது, இல்லை கியர்பாக்ஸ் பக்கம் பல் தேய்ந்திருக்கிறது.

இதெல்லாம் பார்த்தும் மீட்டர்தான் கோளாறு என்றால் வாங்கப் போகலாம். புதிது கிடைக்காத வண்டிக்குப் பழைய பார்ட்ஸ் கடைதான் கதி. அங்கே வெளி வடிவத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். நாமக்கல் பக்கம் பழைய லாரி மீட்டர்கள் கிடைக்கும், ஆனால் பெரிய லாரி 24 வோல்ட், நம் பிக்கப் 12 வோல்ட். வயர்களைச் செருகும் கப்ளர் ஒரே மாதிரி இருந்தும் உள்ளே ஊசிகளின் (பின்) வரிசை வேறாக இருப்பதும் உண்டு. பழைய மீட்டரையே கழற்றிக் கையில் கொண்டுபோய், பின்பக்கம் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குவது நல்லது. நம்பர் ஒத்துப்போகாவிட்டால் டீசல் முள் பொய் சொல்லும், ஏனென்றால் டேங்கில் இருக்கும் மிதவையின் ரெசிஸ்டன்ஸும் மீட்டரும் ஜோடியாகச் செய்யப்பட்டவை. ஸ்பீடு முள்ளும் அப்படித்தான், கேபிள் எத்தனை சுற்றுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது ஒவ்வொரு மீட்டருக்கும் வேறுபடும்.

கழற்றும் வேலை பெரிதல்ல, அவசரப்பட்டால்தான் உடையும். முதலில் 10-ஆம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி ஓரமாக ஒதுக்குங்கள், டேஷ்போர்டுக்குள் கைவிடும்போது எங்காவது உரசி ஷார்ட் ஆகாமல் இருக்கும். ஸ்டியரிங் கீழே இறங்கும் என்றால் இறக்குங்கள். மீட்டரைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தின் ஸ்க்ரூக்களை எடுத்ததும் சட்டம் வரவில்லை என்றால் இழுக்காதீர்கள், எங்கோ இன்னொரு ஸ்க்ரூ மறைந்திருக்கிறது. வெயிலில் காய்ந்த பழைய பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி உடையும். காலை நேரத்தில் இறுகிக் கிடக்கும், வண்டியைக் கொஞ்ச நேரம் வெயிலில் விட்டுப் பிறகு கழற்றினால் சற்று இளகிக் கொடுக்கும்.

மீட்டரை முன்னால் ஒரு சாண் இழுக்கும்போதே பின்னால் கேபிள் பிடித்திருக்கும். சிலதில் நட்டைத் திருக வேண்டும், சிலதில் கிளிப்பை அமுக்க வேண்டும். கை எட்டாவிட்டால் கியர்பாக்ஸ் முனையைக் கழற்றிக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள், அப்போது தளர்வு கிடைக்கும். கப்ளர்களை எடுப்பதற்கு முன்னால் போனில் நாலைந்து போட்டோ எடுங்கள், தனித்தனி வயராக வந்தால் ஒவ்வொன்றிலும் பேப்பர் டேப் ஒட்டி எழுதுங்கள். ஞாபகம் இருக்கும் என்று நினைத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்வந்து, பச்சை வயர் எது என்று தெரியாமல் நான் மாலை வரை உட்கார்ந்திருக்கிறேன்.

புது மீட்டரைப் பூட்டுவதற்கு முன்னால் பின்பக்கம் இருக்கும் பல்ப் ஹோல்டர்களைக் கால் சுற்றுத் திருப்பி எடுத்து, எல்லாப் பல்பையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். ஒரு பல்புக்காக மறுபடியும் இத்தனையையும் கழற்றுவது வேண்டாம். இதில் கவனிக்க வேண்டியது சார்ஜ் லைட். பேட்டரி படம் போட்ட அந்தச் சிவப்பு விளக்கு வெறும் அடையாளத்துக்கு மட்டும் இல்லை. பல பழைய வண்டிகளில் அந்தப் பல்ப் வழியாகப் போகும் கரண்ட்தான் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடுகிறது. பல்ப் இல்லாவிட்டாலோ, வெளிச்சமாக இருக்கட்டும் என்று எல்இடி போட்டாலோ, ஆல்டர்னேட்டர் எழாமல் பேட்டரி இறங்கிப்போகும், நாம் பேட்டரியைக் குறை சொல்லிப் புதுசு வாங்குவோம். அந்த இடத்துக்கு மட்டும் பழைய மாதிரி இழைப் பல்பே, அதே வாட்ஸில் போடுங்கள். மற்ற விளக்குகளுக்கு எல்இடி போடுவது உங்கள் விருப்பம். முன் கண்ணாடியைத் தின்னர், பெட்ரோல் போட்டுத் துடைத்தால் மங்கிவிடும், ஈரத்துணி போதும். முள்ளைக் கையால் தொடவே வேண்டாம்.

கேபிளை வளைவு இல்லாமல் சீராக விட்டு, சதுர முனை மீட்டர் துளையில் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு இறுக்குங்கள். சட்டத்தை மூடாமலேயே பேட்டரியைக் கொடுத்துச் சாவியைத் திருப்புங்கள். ஆயில் லைட்டும் சார்ஜ் லைட்டும் எரிய வேண்டும், என்ஜின் ஸ்டார்ட் ஆனதும் இரண்டும் அணைய வேண்டும். சாவி போட்டதும் ஆயில் லைட் எரியவே இல்லை என்றால் அது நல்ல செய்தி இல்லை, ஆயில் இறங்கினாலும் அது சொல்லாது. அதைச் சரிசெய்த பிறகு சட்டத்தை மூடுங்கள்.

அப்புறம் ரோட்டில் ஒரு சோதனை. கூட்டமில்லாத நேரத்தில் பைபாஸில் முள்ளை 60-இல் அசையாமல் வைத்து, பக்கத்தில் இருப்பவரை ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரை போனில் நேரம் பார்க்கச் சொல்லுங்கள். 60 நொடி வந்தால் மீட்டர் சரி. 54 நொடியில் கல் வந்துவிட்டால் நீங்கள் உண்மையில் 66-க்கு மேல் போகிறீர்கள், மீட்டர் குறைத்துக் காட்டுகிறது, அது வேறு வண்டிக்கான மீட்டராக இருக்கலாம். ஸ்பீடோமீட்டர் இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது, எட்டு வருடம் தாண்டிய லோடு வண்டிக்கு வருடா வருடம் எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ்) வாங்க வேறு வண்டியைக் காட்ட வேண்டும், அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. பழைய மீட்டரில் எத்தனை கிலோமீட்டர், புதிதில் எத்தனையிலிருந்து தொடங்குகிறது, என்ன தேதி என்று சர்வீஸ் நோட்டில் எழுதி, மீட்டர் வாங்கிய பில்லையும் அதிலேயே ஒட்டுங்கள். ஆயில் மாற்றும் கணக்கு தப்பாது, நாளைக்கு வண்டியை விற்கும்போது வாங்குகிறவரிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டலாம். 3 லட்சம் ஓடிய வண்டியை 80,000 என்று காட்டி விற்பது ஏமாற்று வேலை, அதை நம்பிக் கடன் வாங்கி வண்டி எடுக்கிறவர் நம்மைப் போல ஒரு விவசாயியாகவே இருப்பார். கழற்றிய பழைய மீட்டரைக் காயலாங்கடைக்குப் போடாமல் வைத்திருங்கள், அதன் பல்ப் ஹோல்டரும் ஸ்க்ரூவும் கண்ணாடியும் இனிக் கடையில் தேடினாலும் கிடைக்காது.