சித்திரை நட்சத்திரத்துக்கு நேர் கீழே: தர்மபுரி வானில் ஒமேகா சென்டாரியைக் காணும் முறை

சித்திரை, வைகாசி மாதங்களில் அமாவாசையை ஒட்டிய இரவுகளில், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இருப்பவர்கள் ஏறக்குறைய 1,200 கோடி ஆண்டு வயதுடைய ஒரு விண்மீன் கொத்தைத் தம் வீட்டு மொட்டை மாடியிலிருந்தே பார்க்க முடியும். ஒமேகா சென்டாரி என்பது அதன் பெயர். நம் சூரியனின் வயது சுமார் 460 கோடி ஆண்டுகள்தான் என்பதால், சூரியன் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே இந்தக் கொத்து முழுதாய் உருவாகிவிட்டிருந்தது. சுமார் ஒரு கோடி விண்மீன்கள், ஒன்றையொன்று ஈர்த்துப் பிடித்துக்கொண்டு, 150 ஒளியாண்டு (ஒளி ஓராண்டில் கடக்கும் தொலைவு ஓர் ஒளியாண்டு) அகலத்தில் பந்துபோலத் திரண்டிருப்பதால் இவ்வகைக் கொத்தைக் கோளக் கொத்து என்கிறார்கள். பால்வெளி மண்டலத்தில் அறியப்பட்ட கோளக் கொத்துகளில் இதுவே மிகப் பெரியது. ஏறத்தாழ 17,000 ஒளியாண்டு தொலைவில் இருந்தும், இருண்ட வானில் வெறுங்கண்ணுக்கே ஒரு மங்கலான புள்ளியாகத் தெரிகிறது.

இதைக் காண்பதில் நம் ஊர்களுக்கு ஒரு பெரிய வாய்ப்பு இருக்கிறது. இந்தக் கொத்து வானின் தென்பாதியில், வான நடுக்கோட்டிலிருந்து (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் செல்லும் கோடு) 47 பாகைக்கும் (டிகிரி) சற்றே கூடுதலாகத் தெற்கே இருக்கிறது. தர்மபுரி 12 பாகை வட அட்சரேகையை ஒட்டி இருப்பதால், கொத்து உச்சம் தொடும் நேரத்தில் தென் அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் நிற்கும். டெல்லியில் அந்த உயரம் 14 பாகைதான்; லண்டனில் அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நமக்குப் பக்கத்து ஜவ்வாது மலையில், காவலூரில் வைணு பாப்பு வான் ஆய்வகம் அமைந்ததற்கும் தென்வானம் நன்றாகத் தெரியும் இந்த அட்சரேகை ஒரு முக்கியக் காரணம்.

முதலில் நாளைத் தீர்மானிக்க வேண்டும். சித்திரை முதல் நாளில் இந்தக் கொத்து நள்ளிரவு 12.15 மணி அளவில் நேர் தெற்கே உச்சம் தொடுகிறது. ஒவ்வொரு நாளும் நான்கு நிமிடம் முன்னதாக வருவதால், வைகாசி பிறக்கும்போது இரவு 10.15 மணிக்கும், ஆனி பிறக்கும்போது 8.15 மணிக்கும் அதே இடத்தில் இருக்கும். உச்ச நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் வரை நன்றாகப் பார்க்கலாம். தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள விரும்பாதவர்களுக்கும் பிள்ளைகளை அழைத்துவருபவர்களுக்கும் வைகாசியே ஏற்றது என்பது என் கருத்து. அதிகாலையில் எழும் பழக்கமுள்ளவர்கள் மாசி மாதப் பிறப்பை ஒட்டி, விடியற்காலை நான்கு மணிக்கே இதைத் தெற்கில் காணலாம்.

நாட்காட்டியில் அமாவாசையைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய ஐந்தாறு நாட்களையும் பிந்தைய மூன்று நாட்களையும் தேர்ந்தெடுங்கள். முந்தைய நாட்களில் நிலவு நள்ளிரவுக்கு வெகு நேரம் பின்னரே எழும். பிந்தைய நாட்களில் பிறை முன்னிரவிலேயே மறைந்துவிடும். சித்ரா பௌர்ணமியை ஒட்டிய இரவுகள் இதற்கு முற்றிலும் உதவாது. அன்று முழுநிலவு சித்திரை நட்சத்திரத்தின் பக்கத்தில்தான் நிற்கும். அந்த ஒளியில் கொத்து கரைந்துபோய்விடும். கோடை மழை பெய்து ஓய்ந்த மறுநாள் இரவு கிடைத்தால் அதைத் தவறவிடக் கூடாது. 30 பாகை உயரத்திலிருந்து வரும் ஒளி, தலைக்கு மேலிருந்து வருவதைப் போல இருமடங்கு காற்றைக் கடந்து வர வேண்டியிருக்கிறது. அந்தக் காற்றிலுள்ள புழுதியை மழை கழுவிவிட்டிருந்தால் வேறுபாடு கண்கூடாகத் தெரியும்.

இடத்தைப் பொறுத்தவரை, தெற்குத் திசை இருட்டாக இருக்கிறதா என்பது ஒன்றே கேள்வி. ஓசூர்ப் பக்கத்தவர்களுக்குப் பெங்களூரின் வெளிச்சம் வடக்கே இருப்பதால் அதனால் பெரிய தொல்லை இல்லை. தர்மபுரிக்குத் தெற்கே இருப்பவர்கள் சேலத்தின் ஒளியையும் தேசிய நெடுஞ்சாலை விளக்குகளையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஊருக்குத் தெற்கே இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி, சொந்தக் கொல்லையோ தெரிந்தவர் தோப்போ இருந்தால் அதுவே போதும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வானம் மிக அருமையாக இருக்கும் என்றாலும், அங்கே யானை நடமாட்டம் உண்டு. காட்டோரச் சாலையில் இரவில் வண்டியை நிறுத்திவிட்டு நிற்பதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

இனித் தேடும் முறைக்கு வருவோம். வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் தென்சிலுவையிலிருந்து தொடங்கச் சொல்கின்றன. சுற்றிலும் மலை நிற்கும் நம் ஊர்களில் அது பல இடங்களில் பயன்படாது. தென்சிலுவை நமக்கு 15 முதல் 20 பாகை உயரத்துக்குள் தாழ்ந்து நிற்பதால், ஒரு கரடோ புளியமரமோ போதும், அது மறைந்துவிடும். நம் ஊருக்கு ஏற்ற வழி சித்திரை நட்சத்திரத்திலிருந்து கீழே இறங்குவதுதான்.

வடக்கே சப்தரிஷி மண்டலத்தின் வளைந்த வாலைப் பாருங்கள். அந்த வளைவை அப்படியே நீட்டினால் செம்மஞ்சள் நிறத்தில் ஒளிரும் சுவாதி வரும்; இன்னும் நீட்டினால் நீலவெண்மையான சித்திரை வரும். சித்திரை நேர் தெற்கே வரும் நேரமும் ஒமேகா சென்டாரி நேர் தெற்கே வரும் நேரமும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டுக்கும் ஓரிரு நிமிடம்தான் வித்தியாசம். ஆகவே சித்திரை உச்சத்தில் நிற்கும்போது அதிலிருந்து அடிவானத்துக்கு ஒரு தூக்கு நூல் விட்டால், அந்த நூலின் மேலேயே நம் கொத்து இருக்கும். கையை நேராக நீட்டி முட்டியை மூடினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. சித்திரையிலிருந்து மூன்றரை முட்டி கீழே இறங்குங்கள். பிறகு அடிவானத்திலிருந்து மூன்று முட்டி மேலே ஏறிச் சரிபாருங்கள். இரண்டு அளவும் சந்திக்கும் இடத்தில் பைனாகுலரைத் திருப்பினால் போதும்.

தெற்கு திறந்திருக்கும் இடத்தில் இருப்பவர்கள் இன்னொரு வழியிலும் உறுதிசெய்துகொள்ளலாம். தென்சிலுவைக்கு இடப்புறம், தாழ்வாக, இரண்டு பிரகாசமான விண்மீன்கள் அருகருகே தெரியும். அவற்றில் சிலுவைக்குப் பக்கத்தில் இருப்பது பீட்டா சென்டாரி. அதிலிருந்து சற்றே வலப்புறமாக மேலே ஏறினால் எப்சிலான் சென்டாரி என்ற நடுத்தர விண்மீன் வரும். அதே கோட்டில், கிட்டத்தட்ட அதே தொலைவு மேலும் சென்றால் கொத்து கிடைத்துவிடும்.

வெளியே வந்த உடனே தேடத் தொடங்க வேண்டாம். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும். அதற்குள் ஒருமுறை கைப்பேசியைத் திறந்து பார்த்தாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். டார்ச் தேவைப்பட்டால் கண்ணாடியின் மேல் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். கொத்தை நேருக்கு நேர் உற்றுப் பார்ப்பதைவிட, அதற்குச் சற்று அருகே பார்வையை நிறுத்திக் கடைக்கண்ணால் கவனித்தால் கூடுதலாகத் தெரியும். மங்கிய ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லாமல் அதைச் சுற்றியே மிகுந்திருப்பதுதான் காரணம்.

பைனாகுலரில் 7×50 அல்லது 10×50 அளவு (முதல் எண் உருப்பெருக்கம், அடுத்தது முன் லென்சின் அகலம் மி.மீ.இல்) போதுமானது. கை நடுங்கினால் எதுவும் தெரியாது என்பதால், முழங்கைகளை மாடியின் கைப்பிடிச்சுவரில் ஊன்றிக்கொள்ள வேண்டும். தனித்தனி விண்மீன்களை எதிர்பார்க்காதீர்கள். சுற்றியுள்ள விண்மீன்கள் ஊசிமுனையாய்த் தெரிய, இது மட்டும் பஞ்சுருண்டையைப் போலப் புகைந்து தெரியும். ஒரு வைகாசி இரவில், பாலக்கோட்டுக்கு அருகே மாந்தோப்பில் காவலுக்குப் படுத்திருந்தபோது, என் ஆயாவின் கையில் பைனாகுலரைக் கொடுத்துக் கயிற்றுக் கட்டிலின் சட்டத்தில் அதைத் தாங்கிப் பிடித்திருந்தேன். வெகு நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "முறத்துல ராகி மாவு கொட்டுன மாதிரி, நடுவுல கெட்டியா, ஓரத்துல தூளா இருக்குது சாமி" என்றார். நடுவில் நெருக்கமாகவும் ஓரம் போகப்போக ஐதாகவும் இருப்பதுதான் கோளக் கொத்தின் அடையாளமே. முதன்முறை பார்ப்பவர் கவனிக்க வேண்டியதும் அதைத்தான். அந்த நெருக்கத்தின் அளவையும் சொல்ல வேண்டும்: சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் 4 ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்க, இந்தக் கொத்தின் மையத்தில் விண்மீன்களுக்கு இடையே சராசரியாக ஓர் ஒளியாண்டின் பத்தில் ஒரு பங்குதான் இடைவெளி.

சித்திரையிலிருந்து இறங்கும்போது, கொத்துக்கு அரை முட்டி மேலே மிக மங்கிய ஒரு புகைப்புள்ளி குறுக்கிட்டால் அதைக் கொத்து என்று எண்ணி நின்றுவிடாதீர்கள். அது சென்டாரஸ் ஏ என்னும் வேறொரு விண்மீன் மண்டலம். ஒரு கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருப்பது. நான் முதல் ஆண்டில் இந்தத் தவற்றைச் செய்தேன். கொத்து இதைவிடப் பல மடங்கு பிரகாசமாக இருக்கும்.

தொலைநோக்கி கிடைத்தால் குறைந்த உருப்பெருக்கத்தில் தொடங்குங்கள். முன்வாய் அகலம் 4 அங்குலமுள்ள கருவியில் ஓரங்கள் மணல்மணலாகப் பிரியத் தொடங்கும். 8 அங்குலக் கருவியில், நல்ல இரவில், பார்வைப் புலம் முழுவதும் நூற்றுக்கணக்கான பொடிப்பொடி விண்மீன்கள் நிறைந்துவிடும். படம் எடுக்க விரும்புபவர்கள், கேமராவை முக்காலியில் பொருத்தி, 50 மி.மீ. லென்சில் ஐந்தாறு வினாடி வெளிச்சம் கொடுத்தாலே கொத்து பதிந்துவிடும்.

பார்க்கும் பொருளின் வரலாறு தெரிந்தால் பார்வை கூர்மையாகும். பண்டைய வானியலாளர் தாலமி இதை ஒரு விண்மீன் என்றே பட்டியலிட்டார். 1603இல் ஜெர்மானியரான பேயர் தம் வான்படத்தில் ஒமேகா என்ற எழுத்தைக் கொடுத்ததும் விண்மீனுக்குக் கொடுப்பதைப் போலத்தான். 1677இல் செயிண்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்த ஆங்கில வானியலாளர் எட்மண்ட் ஹாலி, இது விண்மீன் அல்ல என்று குறித்தார். இன்று பல ஆய்வாளர்கள் இதை, நம் பால்வெளி விழுங்கிவிட்ட ஒரு குறு மண்டலத்தின் எஞ்சிய கரு என்று கருதுகிறார்கள். இதன் விண்மீன்கள் ஒரே தலைமுறையைச் சேர்ந்தவையாக இல்லாதது அதற்கு ஒரு சான்று. ஹபிள் தொலைநோக்கி இருபது ஆண்டுகளில் எடுத்த 500க்கும் மேற்பட்ட படங்களை ஒப்பிட்டு, மையத்தில் அசாதாரண வேகத்தில் ஓடும் ஏழு விண்மீன்களை 2024இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அவை சிதறிவிடாமல் அங்கேயே சுற்றுவதற்கு, குறைந்தது 8,200 சூரியன்களின் நிறையுள்ள ஒரு கருந்துளை அங்கே இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

கொத்து மேற்கே சாய்ந்த பிறகும் பைனாகுலரைப் பெட்டியில் வைத்துவிட வேண்டாம். அந்நேரம் தென்கிழக்கில் செந்நிறக் கேட்டை நட்சத்திரம் நன்கு ஏறியிருக்கும். அதற்குச் சற்று மேற்கே, பைனாகுலரின் அதே வட்டத்துக்குள், எம்4 என்ற இன்னொரு கோளக் கொத்து இருக்கிறது. நமக்கு மிக அருகிலுள்ள கோளக் கொத்துகளில் அது ஒன்று. தொலைவு சுமார் 6,000 ஒளியாண்டுதான். ஒமேகா சென்டாரியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது சட்டென்று பிடிபடும்.