தெருவுல குப்பை எரிச்சிகினே இருக்காங்களா? வேலூர்ல இருந்து நிறுத்த வழி

மார்கழி, தை மாசத்துல விடியகாலைல சத்துவாச்சாரி பக்கமோ காட்பாடி பக்கமோ போய் பாருங்க, யாரோ கொளுத்துன குப்பைப் புகை மேல ஏறாம தெருவுலயே தங்கி நிக்கும். ராத்திரி தரை குளுந்து போயிடும், அதுக்கு மேல கொஞ்சம் சூடான காத்து மூடி போட்ட மாதிரி உக்காந்துக்கும், நம்ம ஊர்ல சுத்தி மலை வேற, புகை எங்க போகும் சொல்லுங்க.

1952 டிசம்பர்ல லண்டன்ல நடந்ததும் இதே மாதிரிதான், ஆனா ரொம்பப் பெருசா. அஞ்சு நாள் காத்தே இல்ல, வீட்டுக்கு வீடு எரிச்ச நிலக்கரிப் புகை ஊர் மேல அப்படியே படிஞ்சிடுச்சு. முதல்ல 4,000 பேர் செத்ததா சொன்னாங்க, பின்னாடி ஆராய்ச்சி பண்ணவங்க 12,000 வரைக்கும் கணக்கு சொன்னாங்க. 1956ல சட்டம் வந்துச்சு. எனக்கு அதுல முக்கியமா படறது, எரிக்காதன்னு மட்டும் சொல்லி விடல, வீட்டு அடுப்பை மாத்திக்க செலவுல ஒரு பங்கு பணமும் குடுத்தாங்க. வழி காட்டிட்டுத்தான் தடை போட்டாங்க.

அதனால புகார் எழுதறதுக்கு முன்னாடி, ஏன் எரிக்கறாங்கன்னு பாருங்க. குப்பை வண்டி வராத தெருவுலதான் பெரும்பாலும் நெருப்பு வைக்கறாங்க. தூய்மைப் பணியாளர் அக்காகிட்ட வண்டி எத்தன மணிக்கு வரும்னு கேட்டு தெரு வாட்ஸப் குரூப்புல போடுங்க, வரலன்னா வார்டு கவுன்சிலர்கிட்ட நாலு வீட்டுக்காரங்க சேர்ந்து போங்க. வேப்பிலை, புங்க இலை சருகுக்கு ஒரு குழி போதும், சாணித் தண்ணி தெளிச்சு அப்பப்ப கிளறி விட்டா சில மாசத்துல எருவாயிடும்.

ஒண்ணு மட்டும் பேசிப் பாக்கறதுக்கே இல்ல, உடனே தடுக்கணும்: ஷூ கம்பெனி தோல் துண்டு. ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் இருக்கறவங்க இதை நல்லா கேட்டுக்கோங்க. குரோம் போட்டு பதப்படுத்துன தோலை எரிச்சா அதுல இருக்கற குரோமியம் புற்றுநோய் வர வைக்கற வகையா மாறலாம். பிவிசி பைப்பு, ஒயரு எரிச்சா டயாக்சின்னு ஒரு விஷப் பொருள் வரும். இதையெல்லாம் குளிர் காயக்கூட கொளுத்தாதீங்க, பக்கத்துல குழந்தைங்க நிக்குதுங்க.

சொல்லியும் கேக்கலன்னா சட்டம் நம்ம பக்கம்தான் இருக்கு. காத்து மாசு தடுப்புச் சட்டம் 1981லயே வந்தாச்சு, 2016 திடக்கழிவு விதிகள்லயும் குப்பையை வெளில எரிக்கக் கூடாதுன்னு தெளிவா போட்டாங்க, அதே வருஷம் பசுமைத் தீர்ப்பாயம் 5,000 ரூபா அபராதம்னு சொல்லிச்சு, மொத்தமா கொட்டி எரிச்சா 25,000. போட்டோ எடுங்க, தேதி, நேரம், தெரு, வார்டு நம்பர் எழுதுங்க, மாநகராட்சிக்கு ஒண்ணு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட மாவட்டப் பொறியாளருக்கு ஒண்ணு. முதல்வர் உதவி மையம் 1100க்கு போன் பண்ணாலும் மனு பதிவாகும், அந்த மனு நம்பரை பத்திரமா வச்சிக்கோங்க, அது இல்லாம பின்னாடி போய் கேக்க முடியாது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட சமீர் ஆப்புல ஏக்யூஐ (காத்து எவ்ளோ கெட்டிருக்குன்னு காட்டற எண்) பாக்கறவங்களுக்கு ஒரு விஷயம், தூசி அளவுக்கு அது 24 மணி நேர சராசரி. இப்ப உங்க தெருவுல எரியற புகை அதுல தெரியாது, 100க்குள்ள காட்டுதேன்னு ஜன்னலைத் திறந்து வைக்காதீங்க, மூக்குல நாத்தம் அடிச்சா மூடிடுங்க. ஆஸ்துமா இருக்கறவங்க, வயசானவங்க அந்த நேரத்துல வாக்கிங்கை தள்ளி வச்சு வெயில் ஏறின பின்னாடி போங்க. வெளில போயே ஆகணும்னா என்95 மாஸ்க், துணி மாஸ்க் நுண்துகளை நிறுத்தாது.

இவ்ளோ பண்ணியும் யாரும் அசையலன்னா, 1981 சட்டத்துல 43வது பிரிவு இருக்கு: வாரியத்துக்கு 60 நாள் முன்னாடி நோட்டீஸ் குடுத்துட்டு சாதாரண ஆளே கோர்ட்டுக்குப் போகலாம். அதுக்குத்தான் போட்டோவும் மனு நம்பரும் முதல் நாள்ல இருந்தே சேத்து வைக்கச் சொல்றேன்.