மார்ஃபின் மாத்திரை வீட்டுக்கு வந்தபின்

அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியபோது மருத்துவர் வலிக்கு மார்ஃபின் (அபின் வகை வலிநிவாரணி) எழுதித் தந்தார். "அடிமையாகிவிடுவாரா டாக்டர்?" என்றுதான் முதலில் கேட்டேன். மலச்சிக்கலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்களைப் படுத்தி எடுத்தது அதுதான், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மார்ஃபின் குடலின் அசைவை மந்தமாக்கும். குமட்டலும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும்; மலச்சிக்கல் மட்டும் உடம்புக்குப் பழகவே பழகாது. ஆகவே மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே, மார்ஃபினை நிறுத்தும் வரை போட வேண்டும். நான் என்ன செய்தேன்? அப்பாவுக்குத் தண்ணீராகப் போவதைப் பார்த்து, வயிற்றுப்போக்கு என்று நினைத்து மலமிளக்கியை நிறுத்தினேன். வீட்டுக்கு வந்த நர்ஸ், "நல்லா மோஷன் போயி எத்தனை நாளாச்சும்மா?" என்றார். எண்ணிப் பார்த்தால் ஆறு நாள். உள்ளே கல்லாக இறுகியிருந்ததைச் சுற்றி நீர் மட்டும் கசிந்திருக்கிறது. எனிமா கொடுத்துத்தான் சரியானது. இசப்கோல் என்ற நார்த்தூளும் இங்கே உதவாது. தண்ணீர் சரியாகக் குடிக்காதவருக்கு அது அடைப்பைக் கூட்டும்.

அன்றிலிருந்து தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்புறம் மூன்று விஷயம் எழுதினேன்: மாத்திரை போட்ட நேரம், வலி பத்துக்கு எத்தனை, மோஷன் போனதா இல்லையா. மருத்துவர் என் பேச்சைவிட அந்தத் தாள்களைத்தான் நம்பினார்.

அப்பாவுக்கு 10 மில்லிகிராம் மாத்திரை. காலை 6, 10, மதியம் 2, மாலை 6. இரவு 10 மணிக்கு இரண்டு, நடுராத்திரியில் எழுப்ப வேண்டாமே என்று. இது அவருக்கு எழுதிய அளவு. உங்கள் சீட்டில் வேறாக இருக்கும். 12 மணி நேரத்துக்கு ஒருமுறை போடும் வகையாக இருந்தால் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

இனி பயப்பட வேண்டிய இடம். அளவு மீறினால் மூச்சு மந்தமாகும். தட்டிக் கூப்பிட்டும் விழிக்கவில்லை, குறட்டை கொரகொரவென்று மாறுகிறது, கண்ணின் பாப்பா கடுகளவு சுருங்கியிருக்கிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் 108. சந்தேகம் வந்தால் கைக்கடிகாரத்தைப் பார்த்து முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். எட்டுக்குக் கீழே என்றால் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தூக்க மாத்திரையோ மதுவோ கூடச் சேர்ந்தால் இந்த ஆபத்து பல மடங்கு. அப்பாவின் பழைய அல்பிரசோலம் (தூக்க மாத்திரை) அட்டையை மருத்துவரிடம் காட்டினேன், உடனே நிறுத்தச் சொன்னார்.

சிறுநீரகம் தளர்ந்தால் மருந்தின் கழிவு உடம்பிலேயே தங்கும். கைகால் திடீர் திடீரென்று வெட்டி இழுப்பது, சுவரில் யாரோ நிற்பதாகப் பேசுவது, சிறுநீர் குறைவது, இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடவும் கூடாது. வியர்வை, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, பதற்றம் எல்லாம் வரும், படிப்படியாகத்தான் குறைப்பார்கள். அது உடல் பழகியதன் அடையாளம், அதையே போதை அடிமைத்தனம் என்று சொல்லிவிட முடியாது. வலி இல்லாதபோதும் அதைத் தேடுவது, ஒளித்துப் போடுவது வேறு கதை. புற்றுநோய் அல்லாத நாள்பட்ட வலிக்கு மாதக்கணக்கில் போடுகிறவர்களுக்கு அந்த ஆபத்து உண்மையிலேயே உண்டு. முதுகுவலிக்குச் சாதாரணமாக எழுதித் தரும் டிரமடாலும் இதே குடும்பம்தான். அதில் வலிப்பு வரும் அபாயம் கூடுதல்.

எங்கள் அத்தை ஒருநாள், "மூட்டுவலி உயிர் போகுது, ஒண்ணே ஒண்ணு குடுடி" என்றார். அப்பாவுக்குப் பழகிய அளவு பழகாத உடம்பில் மூச்சை நிறுத்தலாம். கொடுக்கவில்லை, இரண்டு வாரம் பேசவில்லை அத்தை. அதற்குப்பிறகு மாத்திரை பீரோ லாக்கருக்குப் போனது, சாவி என் தாலிக்கொடியில்.

அப்பா போனபின் 34 மாத்திரை மிச்சம். போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிற மருந்து, குப்பையில் போட மனசு வரவில்லை. வாங்கிய ஆஸ்பத்திரிக்கே எடுத்துப் போனேன். மருந்தாளுநர் என் கண்முன்னே இரண்டு தடவை எண்ணி, பதிவேட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார்.