வீட்டு ஏசி பராமரிப்பு: நீங்களே செய்ய வேண்டியது என்ன, மெக்கானிக்குக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

சென்னையில் ஏசியைத் திறந்து பார்க்கச் சரியான நேரம் பிப்ரவரி. ஏப்ரல் பிறந்துவிட்டால் மெக்கானிக் கிடைப்பதே பெரும்பாடு. கத்திரி வெயிலில் "நாளைக்கு வர்றேன் சார்" என்பது நாலு நாள் இழுக்கும். வந்தாலும் அவசர அவசரமாகத் தண்ணீர் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

இது சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி வைத்திருப்பவர்களுக்கான விளக்கம். 1 டன், 1.5 டன் இரண்டுக்கும் பொருந்தும். நான் சொல்லும் தொகைகள் சென்னை நிலவரத்தை ஒட்டிய தோராயக் கணக்கு. ஏரியாவைப் பொறுத்தும், அவுட்டோர் யூனிட் எட்டும் இடத்தில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தும் கொஞ்சம் ஏறி இறங்கும். கம்பெனி சர்வீஸ் என்றால் பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும்.

படி 1: ஃபில்டரைக் கழுவுங்கள்

ஏசி ஓடும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. செலவு எதுவும் இல்லை, கால் மணி நேர வேலை.

ரிமோட்டில் அணைத்தால் மட்டும் போதாது. ஏசிக்கான எம்சிபியையும் (மின் பெட்டியில் இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) ஸ்டெபிலைசரையும் அணைத்துவிடுங்கள். இண்டோர் யூனிட்டின் முன்பலகையை இரண்டு ஓரத்திலும் பிடித்து மேலே தூக்கினால் திறந்துகொள்ளும். உள்ளே வலை போல இரண்டு ஃபில்டர் இருக்கும். லேசாக மேலே தள்ளி, பிறகு கீழ்ப்பக்கமாக இழுத்தால் கையோடு வந்துவிடும்.

குழாயடியில் பிடிக்கும்போது ஃபில்டரின் பின்பக்கம், அதாவது உள்ளே இருக்கும் காயிலை (மெல்லிய தகடுகள் கோத்த குழாய்) பார்த்திருந்த பக்கம், தண்ணீர் விழ வேண்டும். தூசி படிந்திருப்பது முன்பக்கத்தில். அங்கேயே தண்ணீர் விட்டால் அது வலைக்குள் இன்னும் இறுகும். பிசுக்கு இருந்தால் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் போதும், வெந்நீர் வேண்டாம். நிழலில் காய வையுங்கள். வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் சட்டம் வளைந்துவிடும். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை வாடை வரும். கருப்பு நிறத்தில் சின்னதாகக் கூடுதல் ஃபில்டர் இருந்தால் அதைக் கழுவலாமா என்று கம்பெனி கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

படி 2: தண்ணீர் வெளியே சொட்டுகிறதா?

சென்னைக் காற்றில் ஈரம் அதிகம். நன்றாக ஓடும் 1.5 டன் ஏசி ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர்கூட வெளியேற்றும். அரை மணி நேரம் ஓடியும் டிரெயின் பைப்பில் சொட்டு இல்லை, உள்ளே சுவரில் வழிகிறது என்றால் பைப்பில் பாசி அடைத்திருக்கிறது. ஏசியை அணைத்துவிட்டு, வெளியே இருக்கும் பைப் முனையில் வேக்கம் கிளீனரை வைத்துத் துணியால் சுற்றிப் பிடித்து உறிஞ்சினால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். தண்ணீரையும் உறிஞ்சும் வகை கிளீனராக இருக்க வேண்டும், சாதாரண கிளீனர் கெட்டுவிடும்.

அபார்ட்மெண்ட் பால்கனிகளில் பைப் முனையை பக்கெட் தண்ணீருக்குள் மூழ்கவிட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் உள்ளே காற்று அடைபட்டு தண்ணீர் இறங்காது. பைப் முனை எப்போதும் தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே இருக்கட்டும்.

படி 3: அவுட்டோர் யூனிட்

பால்கனியிலோ மொட்டை மாடியிலோ இருந்தால் மட்டும் தொடுங்கள். சன்ஷேடில் ஏறி நிற்கும் வேலையை, பாதுகாப்புப் பெல்ட் போட்டுக்கொண்டு வரும் ஆளிடம் விடுங்கள். இதில் துணிச்சல் வேண்டவே வேண்டாம்.

புறாக் கூடு, குப்பை, காய்ந்த இலை இருந்தால் அகற்றுங்கள். எம்சிபியை அணைத்துவிட்டு, பின்பக்கக் காயிலில் தோட்டத்து ஹோஸால் மெதுவாகத் தண்ணீர் விடலாம். அலுமினியத் தகடுகள் மெல்லியவை, வேகமாக அடித்தால் மடங்கிக் காற்று போகும் வழி அடைபடும். பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை பக்கம் இருப்பவர்கள் இதை மாதம் ஒருமுறை செய்வது நல்லது. கடல் உப்பு காயிலை அரித்து ஓட்டை போட்டுவிடும். புதுக் காயில் மாற்ற 7,000 முதல் 12,000 ரூபாய் வரை ஆகும்.

மூடியைக் கழற்றி உள்ளே கை விடாதீர்கள். உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கும் கெபாசிட்டர், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் ஷாக் அடிக்கும்.

படி 4: ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள்

வயர் முனையில் சென்சார் உள்ள சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் 200 ரூபாய்க்குள் கிடைக்கும். ஏசியை 18 டிகிரியில் வைத்து, ஃபேன் வேகத்தைக் கூட்டி, கால் மணி நேரம் ஓடவிடுங்கள். மேலே காற்றை உள்ளிழுக்கும் இடத்திலும், கீழே குளிர்காற்று வரும் இடத்திலும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஏசி நன்றாக இருக்கிறது. 5, 6 டிகிரிதான் என்றால் சர்வீஸ் தேவை. இந்த எண்ணை எழுதி வையுங்கள். சர்வீஸ் முடிந்ததும் மெக்கானிக் முன்னாலேயே மறுபடி அளக்கலாம்.

படி 5: சர்வீஸ் நாள்

வருடத்துக்கு இரண்டு முறை போதும்: பிப்ரவரியில் ஒன்று, கோடை முடிந்ததும் ஒன்று. தண்ணீர் அடித்துக் கழுவும் சர்வீஸுக்கு 500 முதல் 800 ரூபாய். இண்டோர் யூனிட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் கவர் கட்டி, பிரஷர் பம்பால் காயிலையும் பிளோயரையும் கழுவ வேண்டும். பிளோயர் உள்ளே உருளை மாதிரி இருக்கும். கருப்பாகப் படியும் அழுக்கு அதில்தான் அதிகம். டார்ச் அடித்துப் பாருங்கள். அவுட்டோரையும் கழுவினால்தான் முழு சர்வீஸ். "மேல போக முடியாது சார்" என்று இண்டோரை மட்டும் செய்தால் பாதிப் பணம் பேசுங்கள்.

அப்புறம், "கேஸ் கம்மியா இருக்கு"

நிறையப் பேர் பணத்தை விடும் இடம் இதுதான், அதனால் நிதானமாகப் படியுங்கள்.

ஏசியில் குளிரைத் தரும் கேஸ் மூடிய செப்புக் குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். ஓட ஓடத் தீர்ந்து போகாது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். "வருஷா வருஷம் கேஸ் டாப் அப் பண்ணணும்" என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஃபில்டரும் காயிலும் அழுக்காக இருந்தாலே, கேஸின் அழுத்தத்தை அளக்கும் கேஜில் பிரஷர் குறைவாகக் காட்டும். காயிலில் ஐஸ் கட்டுவதற்கும் அதே அழுக்கு காரணமாக இருக்கலாம். அதனால் கேஸ் பேச்சு எப்போதும் கழுவிய பிறகுதான். கழுவி, கால் மணி நேரம் 18 டிகிரியில் ஓட்டி, அப்புறம் கேஜ் போடச் சொல்லுங்கள். இப்போது வரும் ஏசிகளில் பெரும்பாலும் ஆர்32 கேஸ். கோடையில் அது சுமார் 120 முதல் 150 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) காட்டும். பழைய ஆர்22 என்றால் 60, 70 பிஎஸ்ஐயே சரியான அளவு. எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்பது அவுட்டோர் யூனிட் ஸ்டிக்கரில் இருக்கும். இன்வெர்ட்டர் ஏசியில், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரின் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் முழு வேகத்தில் ஓடும்போது பார்த்த அளவுதான் செல்லும். வயரைக் கவ்விப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரும் பார்க்கச் சொல்லுங்கள்.

நிஜமாகவே குறைவு என்றால் வேலை வரிசையாக நடக்க வேண்டும். முதலில் நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவிக் கசிவைக் கண்டுபிடிப்பது. பல நேரம் குழாய் இணைக்கும் நட்டில்தான் கசியும். அதைச் சரிசெய்து, வேக்கம் பம்ப் போட்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் எடுத்துவிட்டு, தராசில் எடை பார்த்து கேஸ் ஏற்ற வேண்டும். முழுக் கேஸுக்கு 2,500 முதல் 3,500 ரூபாய் நியாயம். கசிவைத் தேடாமல் சிலிண்டரைத் திறக்கும் ஆளை அனுப்பிவிடுங்கள். ஆர்32 தீப்பற்றக் கூடியது என்பதால் இதை ஒருபோதும் நீங்களே முயலக் கூடாது.

மற்ற செலவுகள்

கெபாசிட்டர் மாற்ற 500 முதல் 900 ரூபாய். வீடு மாறும்போது கழற்றி மாட்ட 1,500 முதல் 2,500. செப்புக் குழாய் கூடுதலாகத் தேவைப்பட்டால் அதற்குத் தனிக் காசு. பிசிபி (ஏசியின் எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு) ரிப்பேர் 2,000 முதல் 4,000. அதற்குச் சம்மதம் சொல்லும் முன் வாரண்டி அட்டையைத் தேடுங்கள். பல கம்பெனிகள் கம்ப்ரஸருக்கு 10 வருடமும் பிசிபிக்கு 5 வருடமும் தருகின்றன. வாரண்டி இருக்கும்போது வெளி ஆள் பிரித்தால் கம்பெனி கைவிரித்துவிடும்.

வருட ஒப்பந்தமான ஏஎம்சி 2,000 ரூபாயில் தொடங்கும். புது ஏசிக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. ஐந்து வருடம் தாண்டியதற்குப் போடலாம், கேஸும் பிசிபியும் சேர்த்தியா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு.

மின் கட்டணமும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். அழுக்குக் காயிலோடு ஓடும் ஏசி அதே குளிருக்கு அதிக நேரம் ஓடும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பின் கணக்கு. கழுவிய ஏசியை 25, 26 டிகிரியில் வைத்து சீலிங் ஃபேனையும் மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள், தூக்கம் கெடாது.