படபடப்பு அடங்கிவிட்டால் போதுமா? சீரற்ற இதயத்துடிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீரற்ற இதயத்துடிப்பு உள்ளவர்கள் பெரும்பாலும் நெஞ்சு எவ்வளவு படபடக்கிறது என்பதை வைத்தே நோயை எடைபோடுகிறார்கள். திடும் திடும் என்று அடித்தால் கலங்கிப்போகிறார்கள்; அடங்கிவிட்டால் மாத்திரையை மறந்துவிடுகிறார்கள். ஆனால் இந்த நோயில் படபடப்பின் அளவுக்கும் ஆபத்தின் அளவுக்கும் சம்பந்தம் குறைவு. ஒரு துடிப்பு தவறி அடுத்தது ஓங்கி அடிப்பதுபோலத் தோன்றும் ‘எக்டோபிக்’ துடிப்புகள் ஆளைத் தூங்கவிடாது. எக்கோ எனும் இதய ஸ்கேனில் இதயம் நன்றாக இருந்தால் அவை பெரும்பாலும் தீங்கற்றவை. ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் அப்படியல்ல. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும் இந்தக் கோளாறு, சிலருக்கு எந்தத் தொந்தரவும் தராமல், கண்புரை அறுவைக்கு முன் எடுக்கும் இ.சி.ஜி.யில்தான் தெரியவரும். ஆனால் இது உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 5 மடங்கு அதிகம்.

நடுங்கும் மேலறையில் ரத்தம் தேங்குகிறது. இடது மேலறையை ஒட்டிய சிறு பை போன்ற பகுதியில் அது உறைந்து கட்டியாகிறது. அந்தக் கட்டி பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால்தான் பலருக்கும் துடிப்பைக் கட்டுப்படுத்த ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை என்று இரண்டு வகை எழுதித் தருகிறார்கள். முதலாவது வேலை செய்வது உடம்புக்குத் தெரியும். இரண்டாவது வேலை செய்வது தெரியவே தெரியாது; ஆகவே அதைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள். தவறுகளிலெல்லாம் பெரிய தவறு இதுதான். மின்அதிர்ச்சி கொடுத்தோ, கோளாறு தரும் இதயத் திசுவை அழிக்கும் ‘அப்லேஷன்’ செய்தோ துடிப்பு சீரான பிறகும் பலர் இந்த இரண்டாவது மாத்திரையைத் தொடர வேண்டியிருக்கும். வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயச் செயலிழப்பு, முன்பு வந்த பக்கவாதம் ஆகியவற்றைப் பார்த்துத்தான் மருத்துவர் அதை முடிவு செய்கிறார். ‘இதற்குப் பதில் ஆஸ்பிரின் போட்டுக்கொள்கிறேன்’ என்பதும் உதவாது. இந்த வகைப் பக்கவாதத்தைத் தடுக்க ஆஸ்பிரினுக்கு அந்த வலு கிடையாது.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், ஆசிட்ரோம் என்ற பழைய வகை மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களின் சீட்டைப் பார்த்திருப்பீர்கள்: திங்கள், வியாழன் ஒரு மாத்திரை, மற்ற நாட்களில் அரை. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று ரத்தப் பரிசோதனையில் காட்டும் ஐ.என்.ஆர். அளவு பொதுவாக 2-க்கும் 3-க்கும் இடையே நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த அரைக்கணக்கு. உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு இலக்கு இன்னும் கூடலாம். ஒரு வேளை விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகச் சேர்த்து விழுங்கக் கூடாது. கீரையே ஆகாது என்று வீட்டில் முருங்கைக்கீரையை அடியோடு நிறுத்திவிடுகிறார்கள், அது தேவையில்லை. கீரையில் உள்ள வைட்டமின் கே மருந்தின் வேகத்தைக் குறைப்பது உண்மைதான். ஆனால் வாரம் இரண்டு முறை சாப்பிடும் பழக்கம் இருந்தால் அதே அளவில் தொடரலாம், மருந்தை அதற்கேற்ப அமைத்துவிடுவார்கள். ஒரு மாதம் கீரை, மறு மாதம் பட்டினி என்றால்தான் ஐ.என்.ஆர். தாறுமாறாக ஓடும். கீரைக்குப் பயப்படுகிறவர்களே மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிச் சாப்பிடுவதுதான் வேடிக்கை. வயிற்றில் ரத்தக்கசிவு வர அது போதும். மலம் தார்போல் கறுத்தால் காத்திருக்க வேண்டாம். புதிதாக எழுதிக்கொடுத்த ஆன்டிபயாட்டிக், லேகியம், பல் பிடுங்குதல் எதுவானாலும் மாத்திரையின் பெயரை முதலில் சொல்லிவிட வேண்டும். பல்லுக்காகத் தானாகவே மாத்திரையை நிறுத்துவது இன்னொரு வினை.

புதிய மாத்திரைகளான அபிக்ஸபான், டாபிகட்ரானுக்கு ஐ.என்.ஆர். தொல்லை இல்லை. ஆனால் இவற்றின் காவல் சீக்கிரம் கலைந்துவிடும். காலை, மாலை இரண்டு வேளையும் தவறக் கூடாது. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கிப்போனவர்களும், உலோக வால்வு பொருத்தியவர்களும் ‘பக்கத்து வீட்டுக்காரர் பரிசோதனைக்கு ஊசி குத்தத் தேவையில்லாத மாத்திரை சாப்பிடுகிறார்’ என்று இவற்றுக்கு மாறக் கூடாது. ருமாட்டிக் நோயாளிகளிடம் நடத்தி 2022-இல் வெளியான பெரிய ஆய்வில், புதிய மருந்தான ரிவராக்ஸபானைவிடப் பழைய வகை மருந்துகளே உயிர்காப்பதில் மேலாக இருந்தன.

அடுத்தது சான்று. படபடப்பு வந்து, தண்ணீர் குடித்து, படுத்து எழுந்து, மறுநாள் மருத்துவமனைக்குப் போனால் இ.சி.ஜி. சுத்தமாக இருக்கும். படபடக்கும்போதே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிளினிக்கிலோ அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; நிறம் மங்கிவிடும், செல்பேசியிலும் படம் பிடித்துவையுங்கள். உடலில் மாட்டி 24 மணி நேரம் இ.சி.ஜி. பதியும் ஹோல்டர் கருவியில் ஒன்றும் தென்படவில்லை என்றால் அன்றைக்கு வரவில்லை என்றுதான் பொருள். கைக்கடிகாரக் கருவி சந்தேகத்தைக் கிளப்பும். உறுதிசெய்வது மருத்துவர் பார்க்கும் இ.சி.ஜி.தான். மணிக்கட்டில் கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு விரல் வைத்து, முழு ஒரு நிமிடம் எண்ணிப் பழகுவது இலவசம். துடிப்பு தாளமே இல்லாமல் இருந்தால் ரத்த அழுத்தக் கருவியின் ஒற்றை அளவையும் நம்பாதீர்கள். மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

தைராய்டு பரிசோதனையை விட்டுவிடுவது, மூக்கடைப்புக்கு ஃபினைலெஃப்ரின் கலந்த மாத்திரையைக் கேட்காமல் போட்டுக்கொள்வது, குறட்டையையும் மதுவையும் இதோடு சேர்த்துப் பார்க்காமலிருப்பது, துடிப்பைக் கட்டுப்படுத்தும் மெட்டோப்ரோலாலைச் சட்டென்று நிறுத்துவது என்று இன்னும் சில உண்டு. நடைப்பயிற்சியையே கைவிட்டு நாற்காலியில் ஒடுங்கிவிடுவதையும் சேர்க்கலாம். எவ்வளவு நடக்கலாம் என்று கேட்டால் மருத்துவர் சொல்லிவிடுவார்.

நம் ஊரில் எல்லாவற்றுக்கும் பழி சுமப்பது வாயு. நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல், மயக்கம் இவற்றுள் எதுவும் துடிப்புக் கோளாறோடு சேர்ந்து வந்தால் ஓம வாட்டரும் சோடாவும் வேண்டாம், 108-ஐ அழையுங்கள். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ அப்படியே. பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் போயே ஆக வேண்டும். தண்ணீரோ ஆஸ்பிரினோ வாயில் ஊற்றாதீர்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு அதைப் போடலாமா என்பதைக் கடைசி வேளை மாத்திரையும் ஐ.என்.ஆர். அளவுமே தீர்மானிக்கும். ஆம்புலன்ஸில் ஏறும்போது மருந்துச்சீட்டோடு மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்று அட்டையின் பின்னாலேயே எழுதிவிடுங்கள்.