அங்கன்வாடிக்கு பெயின்ட் அடிக்கப் போகும் அலுவலகக் குழுவுக்கு

சென்னையில் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து அங்கன்வாடிக்கு வண்ணம் அடிக்கப் போகிறீர்களா? முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஆறு பேருக்கு மேல் நின்றால் தரையெல்லாம் பெயின்ட்தான்.

சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடிக்கும் வேலை இரண்டு நாள் முன்பே முடிந்திருக்க வேண்டும். அதற்கு அதே பகுதியில் குடியிருக்கும் பெயின்டரை உரிய கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள். உங்கள் இலவச உழைப்பு அவருடைய பிழைப்பைப் பறிக்கக் கூடாது. சுவரின் அடிப்பகுதியில் ஓதம் (ஈரக் கசிவு) இருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். ஓதத்தின் மேல் அடித்த பெயின்ட் சில மாதத்தில் கொப்புளித்து உரியும். அதைப் பிய்த்துக் குழந்தைகள் வாயில் வைப்பார்கள்.

ஞாயிறு காலை முதல் கோட், நான்கு மணி நேரம் காய்ந்தபின் இரண்டாவது. இரண்டு கோட்டுக்கும் சேர்த்து எவ்வளவு எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட்) பிடிக்கும் என்று பெயின்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஈயம் கலக்காததா என்று டப்பாவில் பார்த்து வாங்குங்கள். புதியவர்கள் ரோலரைச் சொட்டச் சொட்ட முக்குவார்கள், கோடு கோடாக வழியும்; தட்டில் நன்றாக உருட்டி வழித்த பிறகே சுவரில் வைக்கச் சொல்லுங்கள். கலக்கவும் கழுவவும் தண்ணீரை நீங்களே கேனில் கொண்டுபோங்கள், குடியிருப்பவர்களின் குடத்தில் கை வைக்க வேண்டாம்.

பெற்றோர் சம்மதமில்லாமல் குழந்தைகளைப் படம் எடுக்காதீர்கள். ஊழியர்கள் செலவிட்ட நேரத்தைப் பணமாகக் கணக்கிட்டு சிஎஸ்ஆர் (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) செலவில் காட்டவும் முடியாது.