மைனஸ் மதிப்புகளுக்கு எக்ஸ்பொனென்ஷியல் டிரெண்ட்லைன்: நான் சரிசெய்த விதம்

எக்செல் படத்தில் புள்ளிகளுக்குப் பொருத்தும் போக்குக் கோடுதான் டிரெண்ட்லைன்; ஒய் மதிப்புகளில் ஒரே ஒரு பூஜ்யமோ மைனஸோ இருந்தாலும் அதன் எக்ஸ்பொனென்ஷியல் (ஒரே விகிதத்தில் கூடும் அல்லது குறையும் வளைகோடு), பவர் இரண்டு தேர்வுகளும் மங்கிவிடும். உள்ளே மடக்கை (லாக்) எடுத்துத்தான் கோடு போடுகிறது; பூஜ்யத்துக்கும் மைனஸுக்கும் மடக்கை கிடையாது.

என் தரவு ஃப்ரீசர் வெப்பநிலை, 10 நிமிடத்துக்கு ஒன்று: 22, 6, -3.6, -9.4, -12.8. பக்கத்து நெடுவரிசையில் ஒரு மாறிலியைக் கூட்டி, ஸ்கேட்டர் படம் வரைந்து கோடு பொருத்தி, சமன்பாட்டில் அதே எண்ணைக் கழித்தேன்.

ஆனால் எந்த எண்? "மைனஸ் போனால் போதும்" என்று 13 கூட்டியதுதான் தப்பு. கடைசி மதிப்பு 0.2 ஆகி, அதன் மடக்கை -1.6க்கு விழுந்து கோட்டையே இழுத்துவிட்டது: தொடக்கம் 22க்குப் பதில் 46! குறையும் எக்ஸ்பொனென்ஷியல் கோடு பூஜ்யத்தை நோக்கித்தான் இறங்கும்; ஃப்ரீசர் போய் நிற்கும் எல்லையோ -18. எனவே 18 கூட்டினேன்; 40, 24, 14.4, 8.6, 5.2. கோடு கச்சிதம், குறைவு வீதம் நிமிடத்துக்கு 0.051.

எல்லை தெரியாவிட்டால் மாறிலியையும் சால்வரிடம் (சிறந்த மதிப்பைத் தேடித் தரும் எக்செல் கருவி) விட்டு, பிழை வர்க்கங்களின் கூட்டலைக் குறைக்கச் சொல்லலாம். மாறிகளை மைனஸ் ஆகவிடாத டிக்கை முதலில் எடுத்துவிடுங்கள். இயல்பாகவே அது போட்டிருக்கும்.

எல்லா மதிப்புகளும் மைனஸ், எல்லை பூஜ்யம் என்றால் -1ஆல் பெருக்கிக் கோடு பொருத்தி, கிடைத்த சமன்பாட்டையும் -1ஆல் பெருக்கினாலே போதும்.